கயிறு யார் கையில்?

கோபி பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு வறண்ட மேடு. திடீரென்று அதிலிருந்து கூட்டம் கூட்டமாக நாய்கள் இறங்கி ஓடிவருகின்றன. கீழே ரோட்டில் போகும் பஸ் தடுமாறிக் கவிழ்கிறது. யாருடைய நாய்கள், எங்கிருந்து வந்தன என்பதற்கெல்லாம் படம் நின்று பதில் சொல்வதில்லை. குவான் ஹூ இயக்கி 2024-இல் வந்த 'பிளாக் டாக்' இப்படித்தான் தொடங்குகிறது. அந்த ஆண்டு கான் விழாவின் 'அன் செர்தான் ரிகார்' பிரிவில் முதல் பரிசு வாங்கிய படம்.

கவிழ்ந்த பஸ்ஸில் இருப்பவன் லாங். ஜெயிலிலிருந்து விடுதலையாகி ஊருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறான். அதிகம் பேசாத ஆள். ஊரோ பாதி காலி. ஆலைகள் மூடிவிட்டன, வீடுகளை இடிக்கப்போகிறார்கள். அப்பா ஆளில்லாத மிருகக்காட்சிசாலையில் குடித்துக்கொண்டு கிடக்கிறார். வருடம் 2008. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் நெருங்குகிறது, நாடு முழுக்கச் 'சுத்தம்' ஆகணும். அதனால் தெருநாய்களைப் பிடிக்க ஒரு படை. படைத்தலைவராக நடித்திருப்பவர் சீனாவின் பெரிய இயக்குநர்களில் ஒருவரான ஜியா ஜாங்கே. வெறிபிடித்ததாகச் சந்தேகிக்கப்படும் ஒல்லியான கறுப்பு நாய் ஒன்றின் தலைக்குப் பரிசுத்தொகை வேறு. லாங் முதலில் அந்தப் பணத்துக்காக நாயைத் துரத்துகிறான், பிறகு பிழைப்புக்காக அந்தப் படையில் சேருகிறான். கடைசியில் அந்த நாயோடு ஒரே வீட்டில் அடைந்து கிடக்கிறான்.

நம்ம ஊர்க்காரர்கள் கவனிக்காமல் விட்டுவிடக்கூடிய ஒரு விஷயம் அவனுடைய பெயரில் இருக்கிறது. அவனை அர்லாங் என்றும் அழைக்கிறார்கள். சீனப் புராணத்தில் அர்லாங் ஷென் என்றொரு தெய்வம் உண்டு. நெற்றியில் மூன்றாவது கண், பக்கத்தில் எப்போதும் ஒரு வேட்டைநாய். பதினாறாம் நூற்றாண்டு நாவலான 'மேற்கு நோக்கிய பயணம்' கதையில், சொர்க்கத்தையே கலக்கிய குரங்கு ராஜா சுன் வுகோங்கைக் காலில் கடித்து மாட்டிவிடுவது இந்த நாய்தான். மூன்று கண், கூடவே நாய் என்றதும் நமக்குப் பைரவர் ஞாபகம் வந்துவிடும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவரவில்லை. இரண்டு மூலைகளில் இருந்த மனிதர்கள் காவல் தெய்வம் என்று யோசித்தபோது பக்கத்தில் நாயை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு நாயும் படத்தில் மறைந்திருக்கிறது. கிரகணத்தை நம்ம ஊரில் ராகு கேது என்று பாம்பு விழுங்குவதாகச் சொல்வோம். சீன நாட்டார் கதையில் விழுங்குவது வானத்து நாய், தியான்கௌ. அதை விரட்ட மக்கள் தெருவில் இறங்கித் தாம்பாளமும் மேளமும் தட்டுவார்கள். 2008 ஆகஸ்ட் 1-ஆம் தேதி வடமேற்குச் சீனாவில் உண்மையிலேயே முழு சூரியகிரகணம் தெரிந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 8-ஆம் தேதி, ஒலிம்பிக்ஸ் தொடக்க விழா. படம் இந்தக் கிரகணத்தை உள்ளே எடுத்துக்கொள்கிறது. சூரியனையே விழுங்கும் வலிமை கொண்டதாகக் கதைகள் சொன்ன மிருகத்தை, கீழே கம்பும் வலையுமாக ஒரு வண்டி தேடிக்கொண்டிருக்கிறது.

கதைக்குள் தெய்வத்தின் துணையாக இருக்கும் நாய், தெருவில் மட்டும் எப்படி அப்புறப்படுத்த வேண்டிய பொருளாகிறது? இந்தக் கேள்விக்குச் சீனா வரைக்கும் போக வேண்டியதில்லை. நாயின் பெயராலேயே உலகத்துக்குத் தெரிந்த ஊர் ஒன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது.

*

ராஜபாளையம் நாயை நேரில் பார்த்தவர்களுக்கு வர்ணனை தேவையில்லை. பார்க்காதவர்களுக்கு: பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால், ஒட்டிய வயிறு, தேன் நிறக் கண். சும்மா நிற்கும்போதே ஏதோ ஓட்டப்பந்தயத்துக்குத் தயாராக நிற்பது மாதிரி இருக்கும். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் வகை. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்கே மரம் குறைந்த கரிசல் வெளி. மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி, கரிசலில் முயல். நெடுந்தூரம் பார்வை மறையாத நிலத்தில், பார்த்தவுடன் பாய்ந்து ஓடும் நாய்க்குத்தான் வேலை. கன்னி, சிப்பிப்பாறை என்று இந்தத் தென்பாண்டிப் பக்கத்தில் மெலிந்த வேட்டைநாய்கள் பல கிளம்பி வந்ததற்கு நிலமும் ஒரு காரணம்.

மற்ற காரணம், நிலத்தை யார் வைத்திருந்தார்கள் என்பது. மதுரை நாயக்கர் ஆட்சி நாட்டைப் பாளையங்களாகப் பிரித்தது. ராஜபாளையத்துக்குப் பக்கத்திலேயே சேத்தூர், சிவகிரி என்று பாளையங்கள். ஊருக்குப் பெயர் தந்த ராஜுக்கள் விஜயநகரக் காலத்தை ஒட்டித் தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்தவர்கள். நல்ல நாய், நல்ல குதிரை, பன்றி வேட்டை ஆகியவை ஆள்பவரின் அடையாளங்கள். 1801-இல் பாளையக்காரர் போர்கள் முடிந்தன. பாளையங்கள் ஜமீன்களாயின. துப்பாக்கியும் படையும் போன பிறகு ஒரு ஜமீனிடம் வீரத்தின் மிச்சமாகக் காட்ட என்ன இருந்தது? வேட்டை இருந்தது, நாய் இருந்தது.

அதனால்தானோ என்னவோ, ராஜபாளையம் நாயைப் பற்றிப் பேசும் யாரும் சொல்லாமல் விடாத கதை ஒன்று உண்டு. பாளையக்காரர் போரில் இந்த நாய்கள் வெள்ளைக்காரக் குதிரைப் படையின் மேல் பாய்ந்தன, குதிரைகளின் காலைக் கவ்வின என்பது. இதை நாட்டார் கதையாகவே எடுத்துக்கொள்கிறேன், அதில் எந்தக் குறைவும் இல்லை. தோற்ற பிறகு சொல்லப்படும் கதை அது. மனிதர்கள் தோற்ற போரில் நாய் தோற்கவில்லை என்று சொல்லிக்கொள்ளும்போது, அந்த மிருகத்தின் முதுகில் ஊரின் மானம் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் நாயின் வேலை ஒவ்வொன்றாகப் பறிபோனது. 1948-இல் வந்த சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தன. ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊராக மாறிக்கொண்டிருந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1991 திருத்தம் அதை இன்னும் இறுக்கியது. வேட்டை குற்றமானது. காட்டுக்கு அது நல்லது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வேட்டை என்ற ஒரே தொழிலுக்காகத் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கப்பட்ட உடம்பு ஒன்று வேலையில்லாமல் நின்றது.

வேலை போனதும் அது 'இனம்' ஆனது. 2005 ஜனவரி 9-ஆம் தேதி இந்திய அஞ்சல்துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது: இமாலய ஆட்டு நாய், ராம்பூர், முதோல், ராஜபாளையம். சென்னை சைதாப்பேட்டையில் தமிழக அரசே நாட்டு நாய்களுக்கு இனப்பெருக்க மையம் நடத்தியது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை பெயர்களைச் சொன்னார்.

விலை ஏறியதும் அழகுக்கு மவுசு கூடியது. அழகு என்றால் இங்கே வெள்ளை. ஆனால் நாய்களில் முழு வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் ஒட்டிக்கொண்டு வருவது உண்டு, ராஜபாளையத்திலும் அது நன்றாகத் தெரிந்த சிக்கல். ஊரில் நாய் வளர்க்கும் அண்ணாச்சி ஒருவர் குட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று சத்தமாகக் கைதட்டிக் காட்டினார். மூன்று திரும்பின. ஒன்று மட்டும் திரும்பாமல் தன் பாட்டுக்கு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"தம்பி, குட்டி பாக்க வர்றவங்க மொதல்ல கேக்கிறது மூக்கு ரோஸா இருக்கான்னுதான். காது கேக்குமான்னு கேக்க மாட்டாங்க."

வெளியூர்க்காரர்கள் கேட்பது மூக்கைப் பற்றி. வேட்டைக்குப் போனவர்கள் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி காதைப் பற்றித்தான். நாய் செய்த வேலையிலிருந்து நாயின் பெருமை பிரிந்து போன கணம் அந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில் இருக்கிறது.

*

ராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ் ஏறினால் பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பால்கோவாவும், தமிழக அரசின் முத்திரையாக நாம் பார்க்கும் கோபுரமும் அந்த ஊருடையவை. அந்த ஊரின் பெயரே ஒரு வேட்டைக் கதையிலிருந்து வருகிறது.

தலபுராணம் சொல்வது இது. மல்லி என்ற அரசியின் பிள்ளைகள் வில்லி, கண்டன். வேடர்கள். காட்டுக்குள் வேட்டைக்குப் போனபோது கண்டனைப் புலி கொன்றுவிடுகிறது. தம்பியைத் தேடி அலைந்த வில்லி களைத்துத் தூங்கும்போது கனவில் பெருமாள் வந்து நடந்ததைச் சொல்கிறார். வில்லி காடு திருத்திக் கோயில் கட்டி ஊர் உண்டாக்குகிறான். வில்லி உண்டாக்கிய புத்தூர், வில்லிபுத்தூர்.

எனக்கு இந்தக் கதையில் ஒரு விஷயம் உறுத்தும். புலிக்கு இடம் இருக்கிறது. புலி இல்லாவிட்டால் ஊரே இல்லை. ஆனால் வேடர்கள் காட்டுக்குள் போகிறார்கள், கூட எந்த நாயும் இல்லை. இந்த மலையடிவாரத்தில் நாய் இல்லாமல் வேட்டைக்குப் போனவன் யார்? போயிருக்கும். கதை அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

கோயிலுக்குள் போனால் இன்னொரு உயிர் இருக்கிறது. ஆண்டாள் கையில் கிளி. கல்லில் செதுக்கி ஒருமுறையோடு முடிந்த கிளி இல்லை இது. தினமும் புதிதாகச் செய்கிறார்கள். மாதுளம்பூவில் அலகு, மரவள்ளி இலையில் உடம்பு. ஒருநாள் அம்மன் கையில் இருந்த கிளி அடுத்து பக்தர் ஒருவர் வீட்டுக்குப் போகும். ஒரு பறவையை இத்தனை நூற்றாண்டுகளாக நாள் தவறாமல் கையால் செய்கிற ஊர் உலகத்தில் வேறு எங்காவது இருக்குமா? சந்தேகம்தான். ஊருக்கு மேற்கே உள்ள காட்டில் 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் அறிவித்தார்கள். 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாக விரிந்தது. கதையில் கண்டனைக் கொன்ற புலிக்கு இன்று அரசாங்கப் பாதுகாப்பு.

புலி காப்பகத்தில், அணில் சரணாலயத்தில், கிளி கருவறையில். நாய்?

நாய் ஊர் எல்லையில் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கருப்பசாமி, அய்யனார் கோயில்களுக்குப் போனால் சுடுமண் குதிரைக்குக் கீழே, அரிவாள் ஓங்கிய சாமியின் காலடியில், நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். சாமி ராத்திரி ஊர் சுற்றும்போது முன்னால் போவது அதுதான். சிவன் கோயிலில் பைரவரின் பின்னால் இருக்கும், அவர் சந்நிதியும் பெரும்பாலும் பிராகாரத்து மூலையில். உள்ளே விடலாம், ஆனால் ஓரமாக. மகாபாரதத்தின் கடைசியில் தருமனுக்கு வரும் சோதனையும் இதேதான். சகோதரர்களும் பாஞ்சாலியும் வழியில் ஒவ்வொருவராக விழுந்த பிறகும் பின்னாலேயே வந்த நாய் ஒன்று. சொர்க்கத்து ரதத்தில் நாய்க்கு இடமில்லை என்கிறான் இந்திரன். அப்படியானால் நானும் வரவில்லை என்கிறான் தருமன். அது யாருடைய நாய் என்று யாருக்கும் தெரியாது. தருமன் வளர்த்த நாயாக இருந்திருந்தால் அந்தக் கதைக்கு இவ்வளவு கனம் வந்திருக்காது.

எல்லையில் நிறுத்தப்பட்ட இந்த மிருகத்துக்குப் பெயர் வைத்துக் கல்லில் பொறித்த காலமும் தமிழகத்தில் இருந்தது. செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல். ஏழாம் நூற்றாண்டு, முதலாம் மகேந்திரவர்மன் காலம். பூசலில் செத்துப்போன கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்டது. கூடவே ஒரு நாயின் உருவம், அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்து, விழுந்துகிடந்த எசமானுக்குக் காவல் நின்றதாகக் கல்வெட்டுச் சொல்கிறது. பல்லவ அரசனின் பெயர் இருக்கிற அதே கல்லில் ஒரு நாயின் பெயர். அதை வெட்டியவர்கள் புலவர்களோ அரண்மனைக்காரர்களோ இல்லை. மாடு மேய்த்து, மாட்டுக்காகச் சண்டை போட்டு வாழ்ந்த ஊர்க்காரர்கள். நாய் தங்களுக்கு என்ன செய்தது என்பதை நேரில் பார்த்தவர்கள். கோவிவனுக்கு மூக்கு என்ன நிறம் என்று கல்லில் இல்லை.

*

நாயைப் பற்றிய நவீன அரசின் கேள்வி வேறு மாதிரியானது. அது என்ன செய்தது என்று கேட்பதில்லை. யாருடையது என்று கேட்கிறது.

1832-இல் பம்பாயில் நடந்த கலவரத்தை இதற்குத் தொடக்கப்புள்ளியாக வைக்கலாம். தெருநாய்களைக் கொல்லச் சொல்லி கம்பெனி அரசின் உத்தரவு, கொல்லும் ஒவ்வொரு நாய்க்கும் கான்ஸ்டபிளுக்கு எட்டணா. காசு என்றதும் கை நீள்கிறது, வீட்டு வாசலில் நிற்கும் நாய்களும் செத்தன. பார்சிகளுக்கு நாய் புனிதமானது. இறந்தவர் உடலை நாயின் பார்வையில் காட்டுவது அவர்களுடைய சடங்கில் ஒன்று. ஜூன் 6-ஆம் தேதி பார்சிகள் தெருவில் இறங்கினார்கள், மற்ற சமூகத்தாரும் சேர்ந்துகொண்டார்கள், கடைகள் அடைக்கப்பட்டன, கோட்டைக்குப் போகும் சாப்பாட்டுச் சாமான்கள் நின்றன. ராணுவம் வந்துதான் அடக்கியது. 'பம்பாய் நாய்க் கலவரம்' என்று வரலாற்றில் பெயர். 'பிளாக் டாக்' படத்தில் கறுப்பு நாயின் தலைக்கு வைத்த பரிசுத்தொகைக்கு எட்டணா ஒரு மூத்த அண்ணன்.

நான் மென்பொருள்காரன் என்பதால் இதை எனக்குப் பழகிய விதத்தில் சொல்லிப் பார்க்கிறேன். நகரம் ஒரு பெரிய அட்டவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாயும் ஒரு வரி. நிறம், வயது, கடித்ததா, ஊசி போட்டதா என்று பல கட்டங்கள். ஆனால் நிர்வாகம் ஓடவிடும் கட்டளை ஒரே ஒரு கட்டத்தைத்தான் பார்க்கிறது: உரிமையாளர். அது காலியாக இருந்தால் அந்த வரியை அழித்துவிடு. பெய்ஜிங் மையப் பகுதிகளில் இன்னும் ஒரு கட்டம் உண்டு. 35 சென்டிமீட்டருக்கு மேல் உயரமான நாயை அங்கே வளர்க்கவே கூடாது. நம்ம ராஜபாளையம் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். தபால்தலையில் ஏறிய நாய்க்கு அந்த ஊரில் வாடகைக்குக்கூட வீடு கிடைக்காது.

இதைச் சீனாவின் கதை என்று தள்ளிவைக்க முடியாது. சென்னை மாநகராட்சி தெருநாய்களைக் கொல்வதை நிறுத்தி, ப்ளூ கிராஸ் அமைப்போடு சேர்ந்து கருத்தடைக்கு மாறியதே 1996-இல்தான். 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி டெல்லிப் பகுதியின் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, எடுத்த இடத்திலேயே விட வேண்டும், வெறிபிடித்தவையும் மூர்க்கமானவையும் மட்டும் விதிவிலக்கு என்றது.

அந்தப் பதினோரு நாளும் என் போன் முழுக்கச் சண்டை. ஒரு பக்கம் நாய்ப் பிரியர்கள், மறுபக்கம் நாய்க்கடிக்காரர்கள். இதில் எனக்கு எளிமையான பக்கம் எதுவும் இல்லை. ரேபீஸ் வந்தால் சாவுதான். கடிபடுகிறவர்கள் காரில் போகிறவர்கள் இல்லை. நடந்து ஸ்கூலுக்குப் போகும் பிள்ளைகள், விடிகாலையில் தெரு கூட்டுகிறவர்கள், பிளாட்பாரத்தில் தூங்குகிறவர்கள். அதே தெருவில் அதே ராத்திரியில் அந்த நாய்க்குப் பாதி பன்னைப் பிய்த்துப் போடுவதும் அவர்கள்தான். தெருநாயின் பிரச்சினையையும் அதன் அன்பையும் சேர்த்துச் சுமப்பவர்கள் ஒரே ஆட்கள். முடிவு எடுக்கும் அறையில் அவர்கள் இல்லை. 'பிளாக் டாக்' இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. நாய்களைப் பிடிக்கிறவர்களும் வீடு இடிபடப்போகும் ஊர்க்காரர்கள்தான். வலையைப் பிடித்திருக்கும் கையும் நாளைக்கு அப்புறப்படுத்தப்படும்.

*

தமிழ் சினிமாவுக்கு மிருகம் புதிதில்லை. சாண்டோ சின்னப்பா தேவர் யானை, ஆடு, பாம்பு எல்லாவற்றையும் நடிக்க வைத்தவர். 1971-இல் இந்தியில் 'ஹாத்தி மேரே சாத்தி', அடுத்த ஆண்டு தமிழில் 'நல்ல நேரம்', 1977-இல் 'ஆட்டுக்கார அலமேலு'. பின்னாடி இராம நாராயணன் அந்தப் பாதையில் இன்னும் வேகமாகப் போனார். இந்தப் படங்களில் மிருகம் விசுவாசமான வேலைக்காரன், அல்லது சாமி அனுப்பிய ஆள். எசமானைக் காப்பாற்றும், வில்லனைத் துரத்தும், தேவைப்பட்டால் உயிரை விடும். கயிறு யார் கையில் என்ற கேள்வியே அங்கே எழாது. கதாநாயகன் கையில்தான்.

2018 செப்டம்பரில் வந்த மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' இதைக் கலைத்துப் போட்டது. பா. ரஞ்சித்தின் நீலம் தயாரிப்பு. பெயரே குதிரை ஏறி வரும் நாட்டார் சாமியின் பெயர். படத்தின் தொடக்கத்தில் கரிசல் காட்டில் வேட்டைக்குப் போன புளியங்குளத்து இளைஞர்கள் குட்டையில் நாய்களோடு குளித்துவிட்டுப் போகிறார்கள். ஆதிக்க சாதிக்காரர்கள் வந்து அந்தத் தண்ணீரில் மூத்திரம் பெய்கிறார்கள். பிறகு பரியனின் கருப்பியைப் பிடித்துத் தண்டவாளத்தில் கட்டுகிறார்கள். ரயில் வருகிறது.

கருப்பி சிப்பிப்பாறை வகை. அதாவது தபால்தலையும் வானொலி உரையும் கொண்டாடும் அதே வட்டாரத்தின் வேட்டைநாய், அதே ஒட்டிய வயிறு, அதே நீண்ட கால். அதைக் கொன்றதற்குக் காரணம் அது என்ன இனம் என்பதில் இல்லை, கயிற்றின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்பதில் இருக்கிறது. ஜமீன் கையில் அந்த நாய் இருந்தால் வீரம். புளியங்குளத்துப் பையன் கையில் இருந்தால் திமிர். ஒரே உடம்பு, ஒரே ஓட்டம், கைதான் வேறு.

வேட்டைநாயின் வரலாறு என்று நமக்கு எழுதிக் கிடைப்பது பெரும்பாலும் அரண்மனைப் பக்கம். ஆனால் நாயோடு கரிசலில் ஓடியவர்கள், கஞ்சி ஊற்றியவர்கள், முள் குத்தினால் எடுத்துவிட்டவர்கள், முயல் கிடைத்தால்தான் அன்றைக்குக் கறி என்று இருந்தவர்கள் அரண்மனைக்காரர்கள் இல்லையே. வில்லியின் கதையில் விட்டுப்போன நாயைப்போல அவர்களும் அந்த வரலாற்றில் விட்டுப்போனவர்கள். மாரி செல்வராஜ் அவர்களையும் நாயையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தார். ஊரே கூடி ஒரு நாய்க்கு எழவு எடுக்கும் காட்சியைப் பார்த்தபோது எனக்கு எடுத்தனூர்க் கல் ஞாபகம் வந்தது. ஆயிரத்து நானூறு வருஷம் கழித்து மறுபடியும் ஒரு நாய்க்குப் பெயரோடு துக்கம்.

2023-இல் வந்த 'மாமன்னன்' இதே எண்ணத்தை மறுபக்கத்திலிருந்து காட்டியது. அதில் ரத்னவேலு உயர்ந்த வகைப் பந்தய நாய்கள் வளர்ப்பவன். பந்தயத்தில் தோற்ற நாயை அவனே அடித்துக் கொல்கிறான். மானத்தை முதுகில் ஏற்றி வளர்க்கப்படும் மிருகத்துக்குத் தோற்க அனுமதி கிடையாது. அதே படத்தின் நாயகன் வளர்ப்பது பன்றிகளை. வேட்டைநாய் துரத்திக் கொல்ல வேண்டிய மிருகம் இங்கே வீட்டுப் பிள்ளை. ராஜபாளையம் நாயின் மொத்த வரலாற்றையும் அந்த ஒரு தேர்வு தலைகீழாகத் திருப்பிவிடுகிறது.

இரண்டு படங்களிலும் நடித்த நாய்களுக்கு என்ன ஆனது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. 'பிளாக் டாக்' நாயின் பெயர் ஷின். கான் விழாவில் நாய் நடிகர்களுக்கென்றே தரப்படும் 'பாம் டாக்' விருதுகளில் நடுவர் பரிசு அதற்குக் கிடைத்தது. படப்பிடிப்பு முடிந்ததும் லாங்காக நடித்த எடி பெங் அதைத் தன்னோடு வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். கருப்பியாக நடித்த நாய் 2024 தீபாவளி நேரத்தில் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ரோட்டில் ஓடி, வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனதாகச் செய்தி வந்தது. படத்தில் ரயில், வாழ்க்கையில் வண்டி. ஊர் முழுக்கப் பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கும் ஒரு ராத்திரியில், தனக்கு நன்றாகக் காது கேட்டதே ஒரு நாய்க்கு எமனாகிவிட்டது.

படத்தில் கருப்பி செத்த பிறகும் போகவில்லை. உடம்பெல்லாம் நீலமாகத் திரும்பி வருகிறாள். அடிபட்டுத் தண்டவாளத்தில் நினைவில்லாமல் கிடக்கும் பரியனை எழுப்புகிறாள். கருப்பசாமிக்கு முன்னால் இருட்டில் வழிகாட்டிப் போகும் நாய்தான் அது, நிறம் மட்டும் அம்பேத்கரின் நீலம். எல்லையில் நிறுத்தி வைத்திருந்த காவல் நாய் ஒரு பையனை உயிரோடு வைத்திருப்பதற்காக உள்ளே வருகிறது. 'பிளாக் டாக்' படத்தில் வெறிநோய் பயத்தில் லாங்கும் கறுப்பு நாயும் ஒரே வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாட்களிலும் இதேதான் நடக்கிறது. யார் யாரைக் காவல் காக்கிறார்கள் என்று நமக்குச் சொல்ல முடியாமல் போகிறது.

இரண்டு இடத்திலும் கயிறு இல்லை என்பதைக் கவனித்துப் பாருங்கள். தருமன் பின்னால் போன நாய்க்கும் கயிறு கிடையாது. எசமான் விழுந்த பிறகும் நின்ற கோவிவனைப் பிடித்திருந்த கையும் அப்போது உயிரோடு இல்லை.